ஹிப்ஸ், 2015-16: கடைசி நிமிடங்களில் கழிந்த ஒரு சீசன்

2016 மே 13, வெள்ளிக்கிழமை இரவு. ஃபால்கிர்க் ஊரில், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக் கால்பந்து அணியான ஹைபர்னியன், எல்லோரும் சுருக்கமாகச் சொல்வதுபோல ஹிப்ஸ், 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அதை அப்படியே காப்பாற்றியிருந்தால் மேல் டிவிஷனுக்குத் திரும்ப இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. காப்பாற்றவில்லை. ஃபால்கிர்க் சமன் செய்தது. அப்புறம் இன்ஜுரி டைமில், அதாவது 90 நிமிடம் முடிந்த பிறகு கூட்டித் தரும் சில நிமிடங்களில், பாப் மெக்ஹியூ மூன்றாவது கோலையும் போட்டார். இரண்டாம் டிவிஷனில் இன்னொரு வருஷம் என்பது முடிவாயிற்று.

எட்டு நாள் கழித்து அதே அணி கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில், அதே இன்ஜுரி டைமில், இந்த முறை தானே ஒரு கோல் போட்டு ஸ்காட்டிஷ் கப்பைத் தூக்கியது. அந்தக் கிளப் அதைக் கடைசியாகத் தூக்கியது 1902 ஏப்ரலில். ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டியதே அதற்கு அடுத்த வருஷம்தான்.

இந்தக் கதையை விதி, சாபவிமோசனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. எட்டு நாள் இடைவெளியில் ஒரே கூட்டத்தால் இப்படி இரண்டு விதமாக எப்படி ஆட முடிந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

சாபம் என்று எதைச் சொன்னார்கள்

ஹிப்ஸ் சின்னக் கிளப் இல்லை. 1875-இல் எடின்பரோவின் ஐரிஷ் குடியேறிகள் ஆரம்பித்தது. அயர்லாந்தின் லத்தீன் பெயரான ஹைபர்னியாவிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர். 1903, 1948, 1951, 1952 என நான்கு தடவை லீக் சாம்பியன். 1955-இல் ஐரோப்பியக் கப் முதன்முதலாக நடந்தபோது அதில் ஆடிய முதல் பிரிட்டிஷ் கிளப்பும் இதுதான், அரையிறுதி வரை போனது. லீக் கப்பும் மூன்று தடவை வாங்கியாயிற்று. ஆனால் ஸ்காட்டிஷ் கப் மட்டும் கைக்கு வரவேயில்லை. 1902-க்குப் பிறகு பத்து இறுதியாட்டம், பத்திலும் தோல்வி. 1972-இல் செல்டிக்கிடம் 6-1. 1979-இல் ரேஞ்சர்ஸோடு இரண்டு ரீப்ளே (ஆட்டம் சமனானதால் மறுபடி ஆடுவது) வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் சொந்த கோலில் தோற்றார்கள். 2012-இல் நடந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். எதிரில் ஆடியது அதே ஊர்க்காரர்களான ஹார்ட்ஸ், ஸ்கோர் 5-1. எடின்பரோவில் ஹிப்ஸ் ரசிகராக இருந்தால் அந்த ஐந்து விரலை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஜெயிக்கிற நிலையிலிருந்து கவிழ்வதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு வினைச்சொல்லே உண்டானது: 'ஹிப்ஸ்டு இட்'. நம் பேச்சில் 'ஹிப்ஸ் பண்ணிட்டாங்க' என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரன் கேலிக்குச் சொல்வது ஒரு பக்கம். சொந்த ரசிகர்களே தலையில் அடித்துக்கொண்டு சொல்வதுதான் கொடுமை.

அந்தச் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் 2014 மே 25-ஐப் பார்க்கலாம். மேல் டிவிஷனில் 11-வது இடம் பிடித்ததால் ஹாமில்டனோடு பிளே-ஆஃப் ஆட வேண்டிய நிலை. முதல் ஆட்டத்தை வெளியூரிலேயே 2-0 என்று ஜெயித்தாயிற்று. இரண்டு கோலும் போட்டது ஜேசன் கம்மிங்ஸ் என்ற பதின்வயதுப் பையன். சொந்த ஊரில் ஈஸ்டர் ரோடு மைதானத்தில் தோற்காமல் இருந்தால் போதும், ஒரு கோலில் தோற்றால்கூடப் போதும். 93-வது நிமிடத்தில் ஹாமில்டனின் டோனி ஆன்ட்ரூ இரண்டாவது கோலைப் போட்டார். பெனால்டியில் ஹிப்ஸ் தோற்றுக் கீழே இறங்கியது. கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டது அதே கம்மிங்ஸ். இந்தப் பையன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவான்.

மேனேஜர் டெர்ரி புட்சர் போனார், ஆலன் ஸ்டப்ஸ் வந்தார். எவர்டனில் இளைஞர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு முதல் அணிக்கு மேனேஜராவது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் இரண்டாம் டிவிஷன் விசித்திரமாக இருந்தது. கடனில் மூழ்கித் தடுமாறிய ஹார்ட்ஸும் அங்கே, 2012-இல் திவாலாகிக் கடைசி டிவிஷனிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த ரேஞ்சர்ஸும் அங்கே. ஹார்ட்ஸ் முதலிடம் பிடித்து மேலே போனது. ஹிப்ஸ் இரண்டாவதாக வந்து, பிளே-ஆஃபில் ரேஞ்சர்ஸிடம் தோற்றது.

இரண்டு கப், ஒரு லீக்

நாம் பேசும் 2015-16 சீசன் ஒரு பலத்த அடியோடுதான் ஆரம்பித்தது. ஜூலையில் சேலஞ்ச் கப்பில், சொந்த மைதானத்திலேயே ரேஞ்சர்ஸிடம் 6-2. நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் மூளையாக இருந்த ஸ்காட் ஆலனை ரேஞ்சர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டது. கிளப் மறுத்து, கடைசியில் செல்டிக்குக்கு விற்றது. நேரடிப் போட்டியாளரை ஆள் கொடுத்து வலுப்படுத்தக் கூடாது என்பது கணக்கு. சரியான கணக்குதான், ஆனாலும் ஆள் போனது போனதுதான். அதே கோடையில் செயின்ட் மிரனிலிருந்து ஜான் மெகின் என்ற 20 வயது நடுக்கள ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஆஸ்டன் வில்லாவின் கேப்டனானவர் இவர்தான்.

இலையுதிர் காலத்தில் அணி சூடு பிடித்தது. நவம்பர் 1-ஆம் தேதி ஈஸ்டர் ரோடில் ரேஞ்சர்ஸை 2-1 என்று சாய்த்தார்கள். டிசம்பரில் முதலிடத்துக்குத் தோளோடு தோள். 28-ஆம் தேதி ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸுக்குப் போய் 4-2 என்று தோற்றார்கள், அதற்குப் பிறகு அந்தத் தோள் சமநிலைக்கு வரவேயில்லை.

லீக்கில் சறுக்கிய அதே மாதங்களில் கப் ஆட்டங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். லீக் கப்பில் அபர்டீன், டண்டீ யுனைடெட், செயின்ட் ஜான்ஸ்டன் மூன்றையும் வெளியேற்றினார்கள். மூன்றும் மேல் டிவிஷன் அணிகள். ஸ்காட்டிஷ் கப்பில் ஹார்ட்ஸ், அப்புறம் நடப்பு சாம்பியனான இன்வர்னஸ், அப்புறம் மறுபடியும் டண்டீ யுனைடெட். இவையும் மேல் டிவிஷன்தான். மேலே இருப்பவர்களைத் தோற்கடிக்கத் தெரிந்த அணிக்குக் கீழே இருப்பவர்களைத் தோற்கடிக்கத் தெரியவில்லை!

இதில் மர்மம் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மெகின், டிலன் மெக்யோக், ஃப்ரேசர் ஃபைவி என்று பந்தைக் காலில் வைத்து ஆடப் பிடித்த நடுக்களம். எதிரணியும் ஏறி வந்து ஆடினால் இவர்களுக்கு இடம் கிடைக்கும். ஈஸ்டர் ரோடுக்கு வரும் சின்ன அணி பத்துப் பேரைப் பெட்டிக்கு முன்னால் சுவர்போல நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், பந்தைப் பக்கவாட்டில் உருட்டி உருட்டி 90 நிமிடமும் போய்விடும். அதற்கு மேல், இரண்டு கப்பிலும் கடைசி வரை போனதால் வாராவாரம் நடுவிலும் ஆட்டம். பிளே-ஆஃபையும் சேர்த்தால் அந்த சீசனில் 50 ஆட்டத்துக்கு மேல். கால் தாங்க வேண்டாமா?

பிப்ரவரி 7-ஆம் தேதி ஹார்ட்ஸின் மைதானமான டைன்காசிலில் நடந்த ஸ்காட்டிஷ் கப் ஆட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாதி ஆட்டத்திலேயே 2-0 பின்னால். 'ஹிப்ஸ் பண்ணிட்டாங்க' என்று எதிர்த்தரப்பு பாட ஆரம்பித்திருக்கும். 80-வது நிமிடத்தையொட்டிக் கம்மிங்ஸ் ஒன்று போட்டார். இன்ஜுரி டைமில் பால் ஹான்லன் இன்னொன்றை உள்ளே தள்ளினார். ஹான்லன் ஹிப்ஸ் ரசிகராகவே வளர்ந்து வந்த ஆள். 2012-இன் 5-1 ஆட்டத்தின்போது கிளப்பில் இருந்தவர். ஒன்பது நாள் கழித்து ரீப்ளேயில் கம்மிங்ஸின் ஒரே கோலில் 1-0. கடைசி நிமிடம் ஹிப்ஸ் பக்கம் சாய்ந்தது அந்த சீசனில் முதல் தடவையாக அப்போதுதான் பெரிதாகக் கண்ணில் பட்டது. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் மார்ச்சிலேயே கிடைத்தது. மார்ச் 13, லீக் கப் இறுதியாட்டம், எதிரே ராஸ் கவுன்டி. ஹைலண்ட்ஸிலிருந்து வந்த சின்ன ஊர் அணி. முதல் கோல் அவர்களுடையது. இடைவேளைக்குச் சற்று முன்னால் லியம் ஃபொன்டெய்ன் சமன் செய்தார். ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தது ஹிப்ஸ்தான். 90-வது நிமிடத்தில் குறுக்கே வந்த ஒரு பந்தை அதே ஃபொன்டெய்னால் சரியாகத் தட்டிவிட முடியவில்லை. அலெக்ஸ் ஷால்க் வந்து லேசாக உள்ளே தட்டினார். ராஸ் கவுன்டியின் வரலாற்றில் முதல் பெரிய கப். ஹிப்ஸுக்கு வழக்கமான வீடு திரும்பல்.

இந்த சீசனின் உண்மையான திருப்பம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது என்று நான் நினைக்கிறேன். ஹாம்ப்டன் கோலுக்கு யாரும் கொடுக்கும் மதிப்பில் பாதிகூட அந்தப் புதன்கிழமைக்குக் கொடுப்பதில்லை. மார்ச் 16, ஸ்காட்டிஷ் கப் காலிறுதி ரீப்ளே. வடக்கே இன்வர்னஸ் வரை பஸ்ஸில் போக வேண்டும். ஒரு இறுதியாட்டத்தைக் கடைசி நிமிடத்தில் தோற்று 72 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. ஆன்டனி ஸ்டோக்ஸ் இரண்டு கோல் போட்டார், 2-1. முன்பு ஹிப்ஸில் ஆடி செல்டிக்குக்குப் போய், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அலுத்து, ஜனவரியில் லோனில் திரும்பி வந்தவர் ஸ்டோக்ஸ். ஃபார்மில் இல்லை, ஃபிட்னஸ் இல்லை என்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

லோகன்

ஸ்காட்டிஷ் கப் அரையிறுதிக்கு வழக்கமான கோல்கீப்பர் மார்க் ஆக்ஸ்லி ஆட முடியாத நிலை. கான்ராட் லோகன் என்பவரை இறக்கினார்கள். அயர்லாந்தின் டொனிகல் பக்கத்து ஆள். பல வருஷம் லெஸ்டர் சிட்டியில் இருந்தவர், லோனில் ஊர் ஊராகப் போய் வந்தவர். 2014 டிசம்பரில் ராச்டேலுக்கு ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த கோடையில் லெஸ்டர் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு கிளப் இல்லை. மார்ச்சில் ஹிப்ஸ் அவசரத்துக்குக் கூப்பிட்டது. ஏப்ரல் 16-ஆம் தேதி ஹாம்ப்டனில் டண்டீ யுனைடெடுக்கு எதிராக இறங்கியபோது, 16 மாதத்தில் அவர் ஆடிய முதல் போட்டி ஆட்டம் அது. ஆளும் கொஞ்சம் பருமன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆட்டத்தின் நடுவே கம்மிங்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் பாய்வார் என்று நம்பிப் பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டார். பந்து கிராஸ்பாருக்கு மேலே போனது. அரையிறுதியில், 114 வருஷ பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, யாராவது அப்படி அடிப்பார்களா? கம்மிங்ஸ் அடிப்பார். 120 நிமிடம் முடிந்தும் 0-0. பெனால்டிச் சுற்றில் லோகன் முதல் இரண்டையும் தடுத்தார். கடைசிப் பெனால்டிக்கு நடந்து வந்தது மறுபடியும் கம்மிங்ஸ். 2014-இல் தவறவிட்டவர், அதே ஆட்டத்தில் முன்னால் தூக்கிவிட்டவர். அடித்தார், 4-2. ஐஎஸ்எல் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கம்மிங்ஸைத் தெரிந்திருக்கும். பின்னால் ஆஸ்திரேலியாவுக்காக உலகக் கோப்பைக்குப் போய், 2023-இல் மோகன் பகானுக்கு வந்த அதே ஆள்தான்.

லோகனைக் கைவிட்ட லெஸ்டர் அடுத்த மாதமே இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சாம்பியன் ஆனது. அவருக்குப் பெரிய வருத்தம் இருந்திருக்காது.

எட்டு நாள்

லீக் முடிவில் ரேஞ்சர்ஸ் முதலிடம். ஃபால்கிர்க்கும் ஹிப்ஸும் தலா 70 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஃபால்கிர்க் இரண்டாவது, ஹிப்ஸ் மூன்றாவது. இது வெறும் அட்டவணைச் சமாசாரம் இல்லை. இரண்டாவதாக வந்தால் நேராக அரையிறுதி, மூன்றாவதாக வந்தால் முதலில் நான்காவது அணியோடு இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆட வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த கால்களுக்கு இன்னும் 180 நிமிடம். ரெய்த் ரோவர்ஸை எப்படியோ தாண்டி, ஃபால்கிர்க்கோடு முதல் ஆட்டத்தில் 2-2, அப்புறம் ஆரம்பத்தில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை.

ஆக, மெக்ஹியூவின் கோல் சாபத்தால் விழுந்த கோல் இல்லை. சக்தி தீர்ந்த அணி முன்னிலையைக் காக்கப் பின்வாங்கி நிற்கும்போது விழுகிற கோல். ஷால்க் போட்டதும் அப்படித்தான். ஹான்லன் டைன்காசிலில் போட்டபோது, பின்வாங்கி நின்றது ஹார்ட்ஸ்.

மே 21, சனிக்கிழமை. ஹாம்ப்டனில் 50,701 பேர். எதிரே ரேஞ்சர்ஸ், அரையிறுதியில் செல்டிக்கைப் பெனால்டியில் வீழ்த்தி வந்தவர்கள். மேல் டிவிஷனுக்கு வெளியே உள்ள இரண்டு அணிகள் இறுதியாட்டத்தில் மோதியது அந்தக் கப்பின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மூன்றாவது நிமிடத்தில் ஸ்டோக்ஸ் இடதுபக்கமாக ஓடி, பந்தைக் குறுக்கே அடித்து முதல் கோல். 27-இல் கென்னி மில்லர் தலையால் சமன். 64-இல் ஆன்டி ஹாலிடே தூரத்திலிருந்து ஒரு அடி, ரேஞ்சர்ஸ் 2-1. நீலம் நிறைந்த அந்தப் பாதி ஸ்டேடியம் எழுந்து நின்றது. பச்சைப் பாதி உட்கார்ந்தது.

முன்னிலையில் இருந்தது இப்போது ரேஞ்சர்ஸ். பின்வாங்கி நிற்க வேண்டிய பாவம் அவர்கள் தலையில். ஹிப்ஸுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை, லீக்கும் போயாயிற்று. ஸ்டப்ஸ் லியம் ஹெண்டர்சனை இறக்கினார். செல்டிக்கிலிருந்து லோனில் வந்த 20 வயதுப் பையன். இறங்கியவருக்குக் கார்னர் அடிக்கும் வேலை. 80-வது நிமிடத்தில் ஹெண்டர்சன் கார்னர், ஸ்டோக்ஸ் தலை, 2-2.

92-வது நிமிடம். மறுபடி கார்னர், மறுபடி ஹெண்டர்சன். பந்து பெட்டிக்குள் வளைந்து வருகிறது. கேப்டன் டேவிட் கிரே பின்னாலிருந்து ஓடி வந்து, தன்னைக் காவல் காக்க யாரும் ஒட்டாத ஒரு கணத்தில் எழும்புகிறார். அவர் விங்பேக், பெரிய கோல் போடுபவர் இல்லை. மான்செஸ்டர் யுனைடெடின் இளைஞர் அணியில் ஆரம்பித்து, இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் சுற்றிவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவர். தலையில் பட்ட பந்து வலைக்குள். 3-2.

ரெஃபரி விசில் ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டி மைதானத்தில் இறங்கினார்கள். கோல் கம்பம் உடைந்தது. புல்தரையைப் பிய்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இதுவரை சரி. ஆனால் சிலர் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் மீதும் பாய்ந்தார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள், குதிரைப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. ரேஞ்சர்ஸ் அணி பதக்கம் வாங்க வெளியே வரவேயில்லை. பின்னால் எட்வர்ட் போவன் தலைமையில் விசாரணை நடந்தது. ஹிப்ஸ் ரசிகர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது, அது அசிங்கம்தான்.

மைதானம் காலியான பிறகுதான் கப்பைக் கொடுத்தார்கள். பச்சைப் பாதி, லீத்தின் மேல் வெயில் அடிப்பதைப் பற்றிய தங்கள் பாட்டை முழுசாகப் பாடியது. லீத் என்பது எடின்பரோவின் துறைமுகப் பகுதி, கிளப்பின் தாய்மண். விடாமுயற்சி என்பதுதான் அதன் சின்னத்தில் உள்ள வாசகம். அந்த வீடியோவை ஒருமுறை பாருங்கள். கழுத்தில் பழைய ஸ்கார்ஃப் போட்ட எழுபது வயது ஆட்கள் பாட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அப்பாவும் தாத்தாவும் பார்க்காமலே போன ஒன்றைப் பார்த்தவர்கள். மறுநாள் கப்போடு பஸ் ஊர்வலம் லீத்துக்குப் போனபோது தெருவில் நின்றவர்கள் ஒன்றரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

சரி, சீசன் வெற்றியா தோல்வியா?

ஜூலையில் கேட்டிருந்தால் கிளப்பின் இலக்கு ஒன்றே ஒன்று: மேலே ஏறுவது. அது நடக்கவில்லை. கணக்குப் பார்க்கிறவருக்கு இது தோல்வியடைந்த சீசன். ஜூனிலேயே ஸ்டப்ஸ் இங்கிலாந்தின் ராதர்ஹாமுக்குப் போய்விட்டார், அங்கே சில மாதம்தான் தாக்குப்பிடித்தார். நீல் லென்னன் வந்தார். 2017-இல் ஹிப்ஸ் டிவிஷனை ஜெயித்து ஏறியது. ஒரு வருஷம் தாமதம், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்தைக் கொடுத்து 114 வருஷத்தை வாங்கியதில் நஷ்டம் என்று சொல்லும் ஹிப்ஸ் ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை. 1938-இல் ஈஸ்ட் ஃபைஃப் ஜெயித்த பிறகு இரண்டாம் டிவிஷனிலிருந்து இந்தக் கப்பை வாங்கிய முதல் அணி இதுதான் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள்.

கிரேயை ரசிகர்கள் 'சர் டேவிட் கிரே' என்று கூப்பிடுகிறார்கள், ராணி பட்டம் கொடுக்காவிட்டாலும். 2024 கோடையில் அவரே ஹிப்ஸின் மேனேஜர் ஆனார். நவம்பரில் அணி மேல் டிவிஷனின் கடைசி இடத்தில் கிடந்தது, அவரை அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த மாதம் 26-ஆம் தேதி ஈஸ்டர் ரோடில் அபர்டீனுக்கு எதிரான ஆட்டம் தோல்வியில் முடியப்போகிற நேரம், இன்ஜுரி டைமில் ராக்கி புஷிரி என்ற டிஃபண்டர் பந்தை உள்ளே தள்ளி 3-3 ஆக்கினார். சீசன் முடிந்தபோது ஹிப்ஸ் மூன்றாவது இடத்தில் இருந்தது.